அந்த அறை கோசோங் இல்லை

போன மாதம் ப்ரியா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. என்னிடம் வேலை பழக வந்த நாளில் நோயாளியிடம் பெயர் கேட்பதற்கே கூச்சப்பட்டவள்.

"ஆன்ட்டி, நம்ம பழைய ரூம மூடப் போறாங்க. புது மெஷின் வருது. பழைய ஸ்டாப் எல்லார்கிட்டயும் ஒரு பக்கம் எழுதி வாங்குறோம். நீங்களும் எழுதணும் லா. சந்தோஷமா ஏதாச்சும் எழுதுங்க."

சந்தோஷமாக எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை. பினாங்கில், கெலுகோரில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். லிப்ட் ஒரு வாரம் ஓடினால் ஒரு வாரம் படுத்துவிடுகிறது. கணவர் லாரன்ஸ் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மற்ற நாட்களில் கீழே கடைக்காரரிடம் "ரொட்டி இருக்கா?" என்று கேட்பதுதான் நான் பேசும் முதல் வார்த்தை. சில நாள் அதுவே கடைசி வார்த்தையும். இப்படி இருப்பவளிடம் சந்தோஷமாக எழுதச் சொன்னால் என்ன செய்வது? இருக்கிறதை எழுதுகிறேன். ப்ரியா வேண்டியதை வெட்டிக்கொள்ளட்டும்.

நாங்கள் தாதியர் இல்லை. ஆனாலும் நோயாளிகளுக்கு வெள்ளை உடுப்புப் போட்ட எல்லாரும் மிஸ்ஸிதான். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். படித்தது, தேர்வு எழுதியது, கோலாலம்பூரில் வாடகை அறையில் மெகி மீ நூடுல்ஸைத் தின்று காலம் ஓட்டியது, இதிலெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை நான் கற்றுக்கொண்டது பினாங்குக்குத் திரும்பி வந்து பிரிவுக்குத் தலைவியான புவான் ரோஹானியின் கீழ் சேர்ந்த பிறகுதான்.

கதிர் எங்கே, எவ்வளவு என்று டாக்டர் முடிவு செய்வார். அதை நாள் தவறாமல், இம்மி பிசகாமல் அதே இடத்தில் கொடுப்பது எங்கள் பாடு. தலை, கழுத்துப் பகுதியில் புற்று என்றால் நோயாளி துளியும் அசையக் கூடாது. அதற்கு ஒரு மாஸ்க் செய்வோம். வலை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகையைச் சுடுநீரில் போட்டால் அப்பளம் ஊறியதுபோல் தளர்ந்துவிடும். அதை எடுத்து ஈரம் ஒற்றி, நோயாளியின் முகத்தின்மேல் இழுத்து விரித்து, மூக்கு, தாடை, கண் குழி என்று விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆறினால் இறுகிவிடும். பிறகு தினமும் அந்த நோயாளி மேசையில் படுக்கும்போது மாஸ்க்கை முகத்தில் வைத்து இரண்டு பக்கமும் மேசையோடு பூட்டுவோம். மூச்சு விடலாம், வலை வழியாகக் கொஞ்சம் பார்க்கலாம். தலையைத் திருப்ப முடியாது.

பூட்டி முடித்துச் சுவரிலிருந்து வரும் வெளிச்சக் கோடுகளை மாஸ்க்கில் போட்ட குறிகளோடு சரி பார்த்ததும் நாங்கள் எல்லாரும் வெளியே போய்விடுவோம். நோயாளி மட்டும் உள்ளே. இதுதான் இந்த வேலையின் விதி. வெளியே போனதும் கேமராவில் பார்ப்போம், மைக்கில் பேசுவோம். ஆனால் அந்தக் கனத்த கதவு மூடுகிற நேரத்தில் கைபிடிக்க ஒருவரும் இருக்கக் கூடாது.

கடைசியாக வெளியே வருகிறவருக்கு ஒரு வேலை உண்டு. கதவு மறைவு, அலமாரிப் பக்கம், மெஷினுக்குப் பின்னால் எல்லாம் பார்த்து, வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்து, சுவரில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் மெஷின் வேலை செய்யாது. எங்கள் பிரிவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பொத்தானை அழுத்தும்போது, வெளியே மெஷினை இயக்குகிறவருக்குக் கேட்கிற மாதிரி "கோசோங்" என்று குரல் கொடுக்க வேண்டும். கோசோங் என்றால் காலி. சீனி போடாத தேநீரை இங்கே தே ஓ கோசோங் என்றுதான் கேட்போம். அந்தக் குரல் கேட்காமல் வெளியே இருப்பவர் மெஷினைத் தொடமாட்டார்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் புவான் ரோஹானி. மெல்லிய உருவம், தலையில் எப்போதும் சாம்பல் நிறத் தூடோங். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் முன்பு வேலை பார்த்த ஏதோ ஓர் இடத்தில், துடைக்க வந்த அம்மா ஒருவர் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்ததைக் கவனிக்காமல் கதவை மூடிவிட்டார்களாம். கடைசி நேரத்தில் யாரோ கேமராவில் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து புவான் ரோஹானிக்குப் பொத்தான் மேல் நம்பிக்கை போய்விட்டது. "விரல் பழக்கத்தில் அழுத்திவிடும். வாய் பொய் சொல்லக் கொஞ்சம் யோசிக்கும்" என்பார்.

அவருக்கு மட்டும் உரிய இன்னொரு பழக்கமும் உண்டு. வெளியே போகும் முன் நோயாளியின் பாதத்தை ஒரு கணம் பிடித்துவிட்டுத்தான் போவார். முகம் மாஸ்க்குக்குள், கைகள் உடம்போடு, மிச்சம் இருக்கிறது பாதம்தான். அதைப் பற்றி அவர் பாடம் எதுவும் எடுத்ததில்லை. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தோம்.

அந்தோணியம்மாள் வந்தது நான் சேர்ந்து பல வருடங்கள் ஆன பிறகு. கடலுக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில் ஒரு பழைய வரிசை வீட்டில் தனியாக இருந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்து வெற்றிலைப் பழக்கம். உள் கன்னத்தில் புற்று. காலையில் பஸ் பிடித்து, பெரிப் படகு ஏறி, இன்னொரு பஸ் மாறி வருவார். துணைக்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை, அதில் ஒரு போத்தல் தண்ணீர், ஒரு ஜெபமாலை.

முதல் சில நாள் ஒன்றும் சொல்லாமல் படுத்தார். பிறகு கதவு மூடியதும் கையைத் தூக்க ஆரம்பித்தார். கை தூக்கினால் நிறுத்த வேண்டும், உள்ளே ஓட வேண்டும், மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். எழுந்து உட்கார்ந்து வியர்த்து வழிவார். மறுபடி பூட்டினால் மறுபடி கை. இரண்டு நாள் சிகிச்சை கொடுக்காமலே அனுப்பினோம். டாக்டர் நல்ல பிள்ளைதான், பயம் அடங்க மயக்கம் தரும் மாத்திரை தரலாம் என்றார். தனியாக பஸ்ஸில் போகிறவருக்கு மாத்திரை கொடுத்து எப்படி அனுப்புவது? இப்படியே நாள் விட்டுப்போனால் சிகிச்சை பலிக்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் நாளும் அப்படியே ஆனதும் வெளி பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானும் அவரும் ஒரே வேதம் என்பதால் உரிமை எடுத்துக்கொண்டு சொன்னேன். "ஏங்க்கா பயப்படுறீங்க? ஆண்டவர் கூடவே இருக்காரு லா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. வாயை முழுசாகத் திறக்க முடியாது, சொற்கள் குழைந்துதான் வரும்.

"இருக்காருன்னு நீங்க சொல்றீங்க. அப்புறம் கதவுகிட்ட போயி நீங்களேதான் கோசோங்னு கத்துறீங்க."

"அது மெஷினுக்குக்கா. வேற ஆளு யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு."

"நான் ஆளு இல்லையா மிஸ்ஸி?"

அவரே தொடர்ந்தார். அவர் வீட்டுப் பக்கம் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வருவார்களாம். கதவைத் தட்டுவார்கள். இவருக்கு முழங்கால் வலி, எழுந்து வர நேரமாகும். அதற்குள் ஒருவருக்கொருவர் "ரூமா கோசோங்" என்று சொல்லிக்கொண்டு, வீடு காலி என்று அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். இவர் கதவைத் திறக்கும்போது தெருவில் புகை மட்டும் இருக்கும்.

"உள்ள ஒருத்தி உசுரோட இருக்கேன். இவனுங்களுக்குக் காலி வீடு. சரி, போறானுங்க. எனக்குப் பேச ஆளு அவருதான். சமைக்கிறப்ப பேசுவேன், துணி காயப்போடுறப்ப பேசுவேன். இங்கயும் அப்படித்தான் படுக்கிறேன், நானும் அவருமா ரெண்டு பேரா. நீங்க அந்த வார்த்தைய சொல்லிட்டு கதவ சாத்துனதும் எல்லாம் போயிடுது. மூச்சு முட்டுது. இனிமே நான் வரல மிஸ்ஸி. விட்டுருங்க."

நான் வேலையில் எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருப்பேன். கோயில் தூபம்போல் காற்றில் கரைந்துபோகிற ஆறுதல்கள். இந்த அம்மாள் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு வாழ்கிறார், நாங்கள் தினம் ஒரு வார்த்தையில் அதைத் துடைத்துப்போடுகிறோம். கெஞ்சிக் கூத்தாடி மறுநாள் ஒரு தடவை மட்டும் வரச் சொன்னேன். "அந்த வார்த்தைய சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்தேன்.

வந்தார். படுத்தார். மாஸ்க்கைப் பூட்டினேன். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். வாயைத் திறந்தேன். "டுவா ஓராங்" என்று கத்தினேன். இரண்டு பேர் என்று அர்த்தம்.

வெளியே மெஷினை இயக்க உட்கார்ந்திருந்தவள் மேய் லிங். கெட்டிக்காரி. அப்படியே கையை எடுத்துவிட்டு, பாதி மூடிய கதவை நிறுத்தி ஓடி வந்தாள். "ஸ்டெல்லா, டுவா? இன்னொரு ஆள் யாரு?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மெஷினுக்குப் பின்னால் தேடினாள். நான் என்ன சொல்வேன்? ஆண்டவர் என்று சொன்னேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. விஷயம் அன்றைக்கே புவான் ரோஹானிக்குப் போனது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டுகிறவர் இல்லை. நோயாளிகள் எல்லாரும் போன பிறகு என்னை அந்த அறைக்குள் அழைத்துப் போனார். மெஷினுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். தான் கதவருகில் போய் நின்று, "இங்கிருந்து பார்த்தால் உன்னைத் தெரியவில்லை" என்றார். பிறகு அலமாரிப் பக்கம் நிற்கச் சொன்னார். "இப்போதும் தெரியவில்லை." அவ்வளவுதான் திட்டு. எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்தோணியம்மாள் சொன்னதை முழுவதும் சொன்னேன், கொசு மருந்துக் கதை உட்பட. அவர் மேசையின் கால் பக்கத்தில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மலாயில் சொன்னார். "மெஷினுக்குக் கடவுளைத் தெரியாது, ஸ்டெல்லா. அதுக்கு உடம்பை மட்டும்தான் தெரியும். அதனால அதுக்கு கோசோங்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா அதை அந்த அம்மா காதுல போட வேண்டியதில்ல. கதவுக்கு வெளிய வந்து சொல்லு. உள்ள இருக்கும்போது அவங்களுக்குத் தேவையானதை அவங்ககிட்ட சொல்லு. ரெண்டையும் ஒரே வார்த்தையில சொல்லணும்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக எல்லாரும் கதவுக்கு உள்ளே நின்று கத்தினோம், அதனால் கத்தினோம். மறுநாளிலிருந்து எங்கள் பிரிவில் அந்தக் குரல் இரண்டடி நகர்ந்தது. அதற்குக் கூட்டம் போடவில்லை, சுற்றறிக்கை விடவில்லை.

அன்று, என் வார்த்தையை நம்பி மறுபடியும் வந்த அந்தோணியம்மாளைப் பூட்டிவிட்டு அவர் பாதத்தைப் பிடித்தேன். வெடித்து, சொரசொரப்பாக இருந்தது. "ரெண்டு பேரும் இருங்க. நான் வெளிய போயிட்டு வந்துடறேன்" என்றேன். கதவு மூடியது. திரையில் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை கொஞ்சம் எழுந்தது. மேய் லிங் நிறுத்தும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அந்தக் கை பக்கவாட்டில் நகர்ந்து, மேசை ஓரத்தில் உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து அப்படியே இருந்தது. யாரோ பிடித்துக்கொள்ளட்டும் என்று வைத்தது மாதிரி. முடியும்வரை அசையவில்லை. மேய் லிங் புத்த மதக்காரி. திரையைப் பார்த்தபடியே "ஓகே, டுவா ஓராங்" என்று முணுமுணுத்தாள்.

அதன் பின் ஒரு நாளும் விடாமல் வந்து சிகிச்சையை முடித்தார். கடைசி நாள் நீலக் கூடையில் எங்களுக்கு ரம்புத்தான் கொண்டுவந்தார். சில வருடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார், பிறகு வரவில்லை. இருக்கிறாரா இல்லையா தெரியாது. எங்கள் வேலை அப்படித்தான். ஆறேழு வாரம் ஒருவருடைய முகத்தைத் தினம் தொடுவோம், பிறகு அவர் கதை நமக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் நிறையப் பேரிடம் "ரெண்டு பேரும் இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறேன். வெளியே காப்பி இருக்கும், மேய் லிங்கின் அரட்டை இருக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதைப் ப்ரியாவிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த வருடம் எனக்கு இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்தது, கதிரும் கொடுக்க வேண்டும் என்றார்கள். பழைய இடத்துக்குப் போக மனம் வரவில்லை. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுக்க என்னால் முடியாது. பாலம் தாண்டி வேறு மருத்துவமனைக்குப் போனேன், கிராப் டாக்சி பிடித்து, தினமும். மகன் வருகிறேன் என்றான். வேலை இருக்கும், வேண்டாம் என்றேன். அவன் இன்னொரு தடவை கேட்டிருந்தால் வா என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

முப்பது வருடம் நான் வேலை செய்தது மாதிரியான ஓர் அறையை, சிகிச்சை தொடங்கிய நாளில்தான் முதல் தடவையாக மேசையில் படுத்துப் பார்த்தேன். கூரையில் பூத்த மரங்களின் படம், இந்த ஊரில் இல்லாத மரங்கள். கதவு மூடும் சத்தம் வெளியே கேட்டதைவிடக் கனமாக இருக்கிறது. மூடியபின் வருகிற அமைதி அதைவிடக் கனம். ஜெபிக்கலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் வார்த்தை தீர்ந்துபோனது. கூட யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. வெளிச்சம் இல்லை, குரல் இல்லை. அந்தோணியம்மாளிடம் அவ்வளவு லேசாகச் சொன்னேனே, ஒருவேளை இந்த அறை நிஜமாகவே கோசோங்தானோ என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தின்மேல் அழுதேன். கிராப் ஓட்டிய சீனர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வானொலியைக் குறைத்தார்.

பல நாள் இப்படியே போனது. ஒரு நாள் லிப்ட் வேலை செய்யாமல் ஏழு மாடியும் நடந்து இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஜெபம் செய்யக்கூடத் தெம்பில்லை. மேசையில் படுத்ததும் மனசுக்குள் புலம்ப ஆரம்பித்தேன். லிப்டைப் பற்றி. பாசாரில் மீன் விலையைப் பற்றி. இரண்டாவது தடவை கேட்காத மகனைப் பற்றி. அழகான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கதவு எப்போது மூடியது என்று நான் கவனிக்கவில்லை.

அன்று லாரன்ஸின் நினைவு வந்தது. அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். மணிக்கணக்காக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். இருக்கிறாரா என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து தனியாகவா இருக்கிறாய் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது அந்த ஹாலில் அவர் இல்லை. அது உண்மை. எந்த ஜெபமும் அந்த நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்காது. ஆனால் அந்த மேசையில் படுத்திருந்தபோது, பேசாமல் இருப்பவரெல்லாம் இல்லாதவர் இல்லை என்பது எனக்கு நினைவு வந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. களைப்பு போகவில்லை. பயம் போய்விட்டது.

அங்கே என்னைக் கவனித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தமிழ்ப் பிள்ளை, சுறுசுறுப்பு. நான் யார், என்ன வேலை பார்த்தவள் என்று அவளிடம் சொல்லவில்லை. கடைசி நாள் என் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சரியாக வைத்துவிட்டு, கோடுகளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் வெளிய போறேன் ஆ. உள்ள நீங்க மட்டும்தான், அசையாம இருங்க. பயம் இல்லல்ல?"

"இல்லம்மா. கதவ சாத்திக்க. நாங்க இருக்கோம்."

கதவருகே போன காலடிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தாள். மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அலமாரிப் பக்கம் குனிந்து பார்த்தாள். கதவு மறைவில் தொங்கிய துணித் திரையை விலக்கிப் பார்த்தாள். கெட்டிக்காரி, அப்படித்தான் பார்க்க வேண்டும். யாரும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடியது. நான் உடம்பை அசைக்காமல் வலது கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, மேசை ஓரத்தில் விரித்து வைத்துக்கொண்டேன்.